சக்கரம், காலணா, பத்து ரூபாய் நாணயம்

தென்காசியிலிருந்து செங்கோட்டை சுமார் 8 கிலோமீட்டர். குற்றாலம் இரண்டுக்கும் தெற்கே, கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. இந்தச் சிறு வட்டாரத்துக்குள் சுதந்திரம் வந்த காலம் வரை இரண்டு விதப் பணம் புழங்கியது. தென்காசியும் குற்றாலமும் 1801 முதல் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியிலும், பின்பு சென்னை மாகாணத்துத் திருநெல்வேலி மாவட்டத்திலும் இருந்தன. அங்கே ரூபாய், அணா, தம்படி. செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. அங்கே பணம், சக்கரம், காசு. பேச்சு ஒன்று, கொள்வினை கொடுப்பினை ஒன்று, அருவிக்குப் போகும் பாதை ஒன்று. கடையில் நீட்டும் நாணயம் மட்டும் வேறு. இரு நாணயங்களுக்கும் இடையிலான மாற்று விகிதத்தை அரசுகள் தெளிவாகவே வரையறுத்திருந்தன: ஒரு பிரிட்டிஷ் ரூபாய்க்கு 28 சக்கரம் 8 காசு. ஆனால் அந்த விகிதம் காலணாவுக்குக் கடலை வாங்கியவரிடம் எந்த அளவுக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தது? இந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்தால், இன்று அதே வட்டாரத்தில் பத்து ரூபாய் நாணயத்தைக் கண்டதும் கடைக்காரர் ஏன் கையை விலக்கிக்கொள்கிறார் என்பது வரை ஒரே சரடு ஓடுவது தெரியும்.

நாணய மதிப்பு என்றதும் நம் மனம் டாலரைத் தேடிப் போகிறது. கடையநல்லூர், தென்காசி பக்கம் வளைகுடா நாடுகளில் உழைப்பவர்களின் குடும்பங்கள் ஏராளம். அமீரகத்துத் திர்ஹம் 1997 முதல் டாலருக்கு 3.6725 என்றும், சவூதி ரியால் 1986 முதல் 3.75 என்றும் கட்டப்பட்டிருப்பதால், டாலருக்கு எதிராக ரூபாய் சரியும்போதெல்லாம் ஊருக்கு வரும் தொகை கூடுவதை அந்த வீடுகள் நன்றாக அறியும். பெரிய மதிப்பைக் கவனித்துக்கொள்ளச் செய்தித்தாள் இருக்கிறது, வங்கி இருக்கிறது, ரிசர்வ் வங்கி இருக்கிறது. ஐந்து ரூபாய்ச் சரக்குக்கு மிச்சமாக வரவேண்டிய ஒரு ரூபாயைக் கவனிக்க யாரும் இல்லை. என் வாதம் இதுதான்: பணத்தின் முழு மதிப்பை அரசு அறிவிக்கிறது, அதன் கடைசிப் பின்னத்தைக் கல்லாவின் இருபுறமும் நிற்கும் இருவர் தீர்மானிக்கிறார்கள். அந்தப் பின்னத்தில் ஏற்படும் இழப்பு அநேகமாக எப்போதும் சிறு தொகைக்கு வாங்குபவர் தலையில்தான் விழுகிறது. இது நாணயம் அடிப்பவர்களும் கடை நடத்துபவர்களும் சேர்ந்து உருவாக்கும் நிலைமை. ஆகவே இதைத் திருத்தவும் முடியும்.

எல்லைக் கணக்கை எடுத்துக்கொள்வோம். திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம், அதாவது 28 சக்கரம், ஒரு சர்க்கார் ரூபாய். பெரும்பாலும் கணக்கேட்டில் மட்டுமே வாழ்ந்த ரூபாய் அது. பிரிட்டிஷ் ரூபாய் அதைவிட அரைச் சக்கரம் கூடுதல். ஆக ஒரு பிரிட்டிஷ் ரூபாய் 456 காசு. அரை ரூபாய் 14 சக்கரம் 4 காசு, கால் ரூபாய் 7 சக்கரம் 2 காசு. இதுவரை தடங்கல் இல்லை. ரூபாய்க்கு 16 அணா என்பதால் ஓர் அணாவுக்கு 28½ காசு வருகிறது. அங்கேயே அரைக் காசு இடிக்கிறது. அணாவில் நாலில் ஒன்றான காலணாவுக்கு 7⅛ காசு. காசுக்குக் கீழே நாணயமே இல்லாதபோது எட்டில் ஒரு காசை யார் யாருக்கு எப்படிக் கொடுப்பது? செங்கோட்டைக் கடையில் காலணாவை 7 காசாக எடுத்துக்கொண்டால், 64 காலணாக்களைக் கொண்ட ரூபாய் 448 காசாகிவிடும். அது சரியாக 28 சக்கரம். அதாவது பிரிட்டிஷ் ரூபாயை முழு ரூபாயாக நீட்டியவருக்கு 28 சக்கரம் 8 காசு. அதே ரூபாயை 64 தடவை காலணாக் காலணாவாகச் செலவழித்தவருக்கு வெறும் சர்க்கார் ரூபாய். இரண்டு ரூபாய்களுக்கும் இடையே அரசு வைத்திருந்த வித்தியாசம் முழுவதும் சில்லறை வியாபாரத்தின் இடுக்கில் காணாமல் போய்விடுகிறது. எதிர்த்திசையில் இழப்பு இன்னும் கடுமை. தென்காசிக் கடையில் காலணாச் சாமானுக்குத் திருவிதாங்கூர்க் காசு கொடுப்பவரிடம் 7 காசு போதாது. 8 கேட்டால்தான் கடைக்காரருக்குக் கட்டுப்படியாகும். அப்படிக் கொடுத்தால் சாமானின் விலை நூற்றுக்குப் பன்னிரண்டுக்கு மேல் ஏறிவிடுகிறது. ஒரு ரூபாய்க்கு மொத்தமாக வாங்குபவருக்கு இந்த இழப்பு ஒரு காசுகூட இல்லை.

இது ஒரு கடைக்காரரின் பேராசையைப் பற்றிய கதை அன்று. எவ்வளவு நேர்மையானவர் கல்லாவில் உட்கார்ந்திருந்தாலும் எட்டில் ஒரு காசை அவரால் எடுத்துத் தர முடியாது. பின்னத்தைத் தாங்கக்கூடிய நாணயம் இல்லாத இடத்தில் அது யாரோ ஒருவர் பக்கம் சாயத்தான் வேண்டும். கல்லாவுக்குப் பின்னால் இருப்பவரே விலையையும் சொல்லி மிச்சத்தையும் எண்ணித் தருவதால் அது அவர் பக்கம் சாய்கிறது. சிறு நாணயம் ஏன் எப்போதும் பற்றாக்குறையாகவே இருக்கிறது என்பது பொருளியல் வரலாற்றில் பழைய கேள்வி. தாமஸ் சார்ஜென்ட்டும் பிரான்சுவா வெல்டேயும் 2002இல் வெளியிட்ட நூல் ஐரோப்பாவின் பல நூற்றாண்டுச் சில்லறைத் தட்டுப்பாட்டை ஆராய்கிறது. பெரிய நாணயம் அடிக்கும் உழைப்பும் சிறிய நாணயம் அடிக்கும் உழைப்பும் ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் சிறிய நாணயத்தின் முகமதிப்பு அந்தச் செலவைத் தாங்குவதில்லை என்பது அதன் அடிப்படைகளுள் ஒன்று. இந்தியாவில் 2018இல் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் வெளிவந்த கணக்கும் இதையே சொன்னது: ஒரு ரூபாய் நாணயத்தை அடிக்க 1 ரூபாய் 11 காசு, பத்து ரூபாய் நாணயத்தை அடிக்க 5 ரூபாய் 54 காசு. ஏழைகளின் கையில் அதிகம் புழங்கும் நாணயமே அரசுக்கு நஷ்டம் தரும் நாணயமாக இருக்கிறது.

திருவிதாங்கூர் இந்தச் சிறுமையை ஒரு விதத்தில் மதித்தது என்று சொல்லவேண்டும். பழைய வெள்ளிச் சக்கரம் துவரம்பருப்பைவிடச் சற்றே பெரியது. அதை விரலால் எண்ணுவது சிரமம் என்பதால் மரப்பலகையில் வரிசையாகக் குழிகள் செதுக்கிய சக்கரப்பலகை இருந்தது. சக்கரங்களைக் கொட்டிப் பலகையை அசைத்தால் ஒவ்வொன்றும் ஒரு குழியில் உட்கார்ந்துகொள்ளும். கொடுப்பவர், வாங்குபவர் இருவர் கண்ணெதிரிலும் கணக்கு தானே தெரியும். எண்ணிக்கையைக் கல்லாக்காரரின் விரலில் விடாமல் இருவரும் பார்க்கும் பலகையில் வைத்ததை வாடிக்கையாளர் சேவையின் மிகப் பழைய கருவிகளில் ஒன்றாக நான் கருதுகிறேன். ஆனால் அது எண்ணிக்கைக்குத்தான் உதவியது. இரண்டு நாணய முறைகளுக்கு இடையில் சிக்கிய பின்னத்துக்கு உதவவில்லை. 1865இல் திருவிதாங்கூரும் கொச்சியும் பிரிட்டிஷ் இந்தியாவும் செய்துகொண்ட வணிக உடன்படிக்கை எல்லையில் சரக்குக்கிருந்த சுங்கத் தடைகளைப் பெருமளவு நீக்கியது. 1904இல் ஆரியங்காவு மலையைக் குடைந்து செங்கோட்டைக்கும் கொல்லத்துக்கும் இடையே ரயில் ஓடியது. சரக்கும் மனிதரும் தடையின்றிப் போய்வந்த பிறகும் காலணாவும் காசும் எல்லையில் உரசிக்கொண்டே இருந்தன.

அந்த உரசல் ஓய்ந்ததும் இன்னொன்று வந்தது. 1956 நவம்பர் 1 அன்று செங்கோட்டை சென்னை மாநிலத்தோடும் திருநெல்வேலி மாவட்டத்தோடும் இணைந்தது. ஐந்தே மாதத்தில், 1957 ஏப்ரல் 1 அன்று, நாடு முழுவதும் ரூபாய்க்கு நூறு நயா பைசா என்ற முறை நடைமுறைக்கு வந்தது. சக்கரத்தைக் கைவிட்டு அணாவுக்குப் பழகிய ஊர், அணாவையும் விட்டுப் பைசாவுக்குப் பழகவேண்டியதாயிற்று. ஓர் அணா 6.25 பைசா, காலணா 1.5625 பைசா. மறுபடியும் பின்னம். ஆனால் இம்முறை அரசு ஒரு காரியம் செய்தது. எந்தப் பழைய தொகைக்கு எத்தனை புதிய பைசா என்று மாற்றுப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது: காலணாவுக்கு 2, அரையணாவுக்கு 3, முக்காலணாவுக்கு 5, ஓர் அணாவுக்கு 6, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19. பட்டியலிலும் அநியாயம் உண்டு. காலணாவுக்கு வாங்குபவர் 2 பைசா கொடுத்தால் நூற்றுக்கு 28 கூடுதலாகக் கொடுக்கிறார். ஆனாலும் சில இடங்களில் பின்னம் கடைக்காரர் பக்கமும் சில இடங்களில் வாங்குபவர் பக்கமும் சாய்ந்தது. ஓரணாவுக்கும் இரண்டணாவுக்கும் வாங்குபவர் கால் பைசா, அரைப் பைசா மிச்சம் பிடித்தார். எது எந்தப் பக்கம் சாயும் என்பது முன்கூட்டியே எழுத்தில் இருந்தது. கடைச்சுவரில் ஒட்டவும் முடிந்தது. பின்னத்தை ஒழிக்க முடியாவிட்டாலும் அதை யார் தாங்குவது என்பதைக் கல்லாவிலிருந்து பொதுவெளிக்குக் கொண்டுவர முடியும் என்பதற்கு அந்தப் பட்டியல் சாட்சி.

சிறு நாணயம் மறைந்தால் விலையே எப்படி வளைந்துகொடுக்கிறது என்பதற்குத் தென்காசிக்கு மிக அருகிலேயே சான்று இருக்கிறது. கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி, சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே திருவேங்கடம் வட்டாரம் என்று பரவிக் கிடக்கும் தீப்பெட்டித் தொழில், 2007இல் பெட்டி விலையை 50 காசிலிருந்து ஒரு ரூபாயாக்கியது. 2021 டிசம்பரில் ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாயாக்கியது. இடைப்பட்ட பதினான்கு ஆண்டுகளில் மெழுகும் அட்டையும் சிவப்புப் பாஸ்பரசும் படிப்படியாக விலை ஏறின. தீப்பெட்டியின் விலையால் படிப்படியாக ஏற முடியவில்லை. ஒன்றேகால் ரூபாய், ஒன்றரை ரூபாய் என்று விற்கக் கையில் நாணயம் இல்லை. 25 காசும் அதற்குக் கீழே உள்ளவையும் 2011 ஜூன் 30உடன் செல்லாதவையாயின. 50 காசு சட்டப்படி இன்றும் செல்லும், கடைத்தெருவில் செல்லாது. ஆகவே உற்பத்தியாளர்கள் நெடுங்காலம் நஷ்டத்தைத் தாங்கிவிட்டு, ஒரே நாளில் விலையை இரட்டிப்பாக்கவும் அதற்கு ஈடாகப் பெட்டியில் குச்சிகளைக் கூட்டவும் நேர்ந்தது. பணவீக்கத்தைப் புள்ளிவிவரத்தில் பார்ப்பவர்களுக்கு அது சீரான சரிவுப் பாதை. சிறு சாமான் வாங்குபவர்களுக்கு அது உயரமான படிக்கட்டு. அடுத்தடுத்த படிகளின் உயரத்தை நாணயங்களின் இடைவெளி நிர்ணயிக்கிறது.

இனி பத்து ரூபாய் நாணயம். இரு உலோகங்களால் ஆன இந்த நாணயம் 2009இல் புழக்கத்துக்கு வந்தது. 2011 முதல் ரூபாய்க் குறியீடு பொறித்தவை வந்தன. சிலவற்றில் மேலே 10 கோடுகள், சிலவற்றில் 15. குறியீடு உள்ளவை, இல்லாதவை. இந்த வேறுபாடுகளைப் பிடித்துக்கொண்டு எது அசல், எது போலி என்ற வதந்தி கிளம்பியது. ரிசர்வ் வங்கி 2016 நவம்பரில் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2018 ஜனவரியில் இதுவரை வந்த 14 வடிவங்களும் செல்லும் என்று எடுத்துச் சொன்னது. சந்தேகம் கேட்க 14440 என்ற தொலைபேசி எண்ணையும் தந்தது. 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, ஒரு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நாணயங்களை ஆயிரம் ரூபாய் வரையிலான தொகைக்குச் செல்லுபடியாகும் பணம் என்கிறது. இத்தனைக்குப் பிறகும் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் அது கைமாறத் தயங்குகிறது. சென்னையில் அவ்வளவு தயக்கம் இல்லை. புளியரை சோதனைச்சாவடியைத் தாண்டிக் கேரளத்துக்குள் போனால் அதே நாணயம் பெரும்பாலும் கேள்வியின்றிச் செல்கிறது. ஒரே ரிசர்வ் வங்கி, ஒரே சட்டம், ஒரே உலோகம். எழுபது எண்பது ஆண்டுகளுக்கு முன் சக்கரமும் அணாவும் பிரிந்த அதே மலையடிவாரத்தில் இன்று ஒரே நாணயத்துக்கு இரண்டு மதிப்பு. 2022இல் தருமபுரி மாவட்டத்து இளைஞர் ஒருவர் பத்து ரூபாய் நாணயங்களாகவே சேர்த்து 6 லட்சம் ரூபாய் கொடுத்துக் கார் வாங்கினார். அந்த நாணயம் செல்லும் என்று ஊருக்குக் காட்டவே அப்படிச் செய்யவேண்டியிருந்தது.

நாணயத்தை மறுக்கும் கடைக்காரரைப் படிப்பறிவில்லாதவர் என்றோ வதந்தியை நம்புகிறவர் என்றோ தள்ளிவிடுவது எளிது. அது தவறு என்று நினைக்கிறேன். முதலில், அச்சத்துக்கு அடிப்படையே இல்லை என்று சொல்ல முடியாது. 2016இல் தில்லியில் ஐந்து, பத்து ரூபாய் போலி நாணயங்கள் அடித்த பட்டறை பிடிபட்டது. இரண்டாவது, இதைவிட முக்கியமானது: கடைக்காரர் நாணயத்தை வாங்கும்போது ரிசர்வ் வங்கியை நினைப்பதில்லை, அடுத்து அதை யாரிடம் தள்ளுவது என்பதையே நினைக்கிறார். சரக்குக் கொண்டுவரும் ஏஜென்சிக்காரர் வாங்குவாரா, பால்காரர் வாங்குவாரா, மாலையில் மிச்சம் வாங்கும் வாடிக்கையாளர் முகம் சுளிக்காமல் எடுத்துக்கொள்வாரா? இவர்கள் யாரும் வாங்கமாட்டார்கள் என்று அவர் கருதினால் மறுப்பதே அவருக்கு அறிவுடைமை. அந்த மூவரும் அவரைப் பற்றி அப்படியே கருதுகிறார்கள். ஒவ்வொருவரும் தம்மளவில் சரியாகக் கணக்கிட்டு, எல்லோரும் சேர்ந்து ஒரு நல்ல நாணயத்தைச் செல்லாக்காசாக்கி விடுகிறார்கள். ஆகவே அறிக்கைகள் இங்கே பலிக்காததில் வியப்பில்லை. நாணயம் செல்லும் என்பது கடைக்காரருக்குத் தெரியும். மற்றவர்கள் வாங்குவார்கள் என்பதே அவருக்கு உறுதிப்படவில்லை. கிழிந்து, எண்ணெய் ஏறி, ஒட்டுப்போட்ட பத்து ரூபாய் நோட்டு தயக்கமின்றிப் போய்வருவது இதனால்தான். நோட்டைக் கொண்டுபோனால் வங்கி வாங்கிக்கொள்ளும் என்பது எல்லோருக்கும் அனுபவம். நாணயத்தைக் கிளைகள் மறுக்கக் கூடாது, நூறு நூறாகப் பைகளில் கட்டி வாங்கிக்கொள்ளலாம் என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. ஆனால் கூட்டம் நிற்கும் கவுண்டரில் நாணய மூட்டையோடு நிற்பவரை வரவேற்க எந்தக் கிளைக்கும் ஆதாயம் இல்லை.

இதோடு கடைக்காரரின் செலவையும் சேர்க்கவேண்டும். சில்லறை சும்மா வருவதில்லை. தட்டுப்பாட்டுக் காலங்களில் கமிஷன் கொடுத்துச் சில்லறை வாங்கும் வழக்கம் வணிகர்களிடையே உண்டு. மிச்சம் கொடுப்பதும் ஒரு சேவைதான். அதற்கும் அவருக்கு விலை இருக்கிறது. அந்த விலையை அவர் எவரிடம் வசூலிக்கிறார் என்பதைக் குற்றாலத்தின் சீசன் தெளிவாகக் காட்டுகிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் விழும் மாதங்களில் பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் எங்கும் வெளியூர்க் கூட்டம். வருகிறவர் கையில் 500 ரூபாய் நோட்டு. வாங்குவதோ ஷாம்பு பாக்கெட், மிளகாய் பஜ்ஜி, டீ, கால் கிலோ ரம்புட்டான். சில்லறைக்கான தேவை ஒரே நேரத்தில் எல்லாக் கடைகளிலும் உச்சத்தைத் தொடுகிறது. கடைக்காரருக்கும் வாங்குபவருக்கும் அது முதல் சந்திப்பு, அநேகமாகக் கடைசிச் சந்திப்பும். ஆக, மிச்சம் மிட்டாயாகிறது, அல்லது விலை அடுத்த பத்துக்கு ஏறி நிற்கிறது. தென்காசித் தெருவில் உள்ள அண்ணாச்சி கடையிலும் இதே சில்லறைப் பஞ்சம் உண்டு. அங்கே வேறு வழி திறந்திருக்கிறது. “நாளைக்கு வாங்கிக்கோங்க” என்று அண்ணாச்சி சொன்னால் அது நடக்கும். வாங்குபவர் ஒரு ரூபாய் குறைவாகக் கொடுத்தாலும், “அடுத்த தடவை தாங்க” என்று சரக்கு கைக்கு வரும். பற்று வரவு நோட்டில் ஏறாத இந்தச் சிறு கடன், இருபுறமும் ஓடி, காலப்போக்கில் நேராகிவிடுகிறது. நாணயத்தால் தாங்க முடியாத பின்னத்தை உறவு தாங்குகிறது. உறவு இல்லாத இடத்தில் அந்தப் பின்னம் கடைக்காரருக்கு வருமானமாகிறது.

மிட்டாயை நியாயப்படுத்த, நம் வியாபாரத்தில் கொசுறு என்ற பழக்கம் உண்டே, இதுவும் அதைப் போலத்தானே என்று சிலர் வாதிடலாம். இரண்டும் நேர் எதிர். காய்கறியோடு கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் கிள்ளிப் போடுவது விற்பவர் தம் பங்கிலிருந்து தருவது. வாங்குபவர் மறுபடி வருவார் என்ற நம்பிக்கையில் செய்யும் முதலீடு. மிச்சத்துக்குப் பதிலாக வரும் மிட்டாய் வாங்குபவரின் பணத்தில், அவர் கேட்காமல், அவர் தலையில் கட்டப்படும் சரக்கு. அதன் லாபமும் கடைக்கே போகிறது. அந்த மிட்டாயை மறுநாள் பணமாகத் திருப்பி நீட்டினால் அதே கடை வாங்காது என்பதே இதற்குப் போதுமான சோதனை. சிறு பின்னங்களை ஒழுங்காகத் திரட்டிய ஒரு மரபும் இதே தென்பாண்டிச் சீமையில் இருந்திருக்கிறது என்பதை இங்கே நினைக்கவேண்டும். விருதுநகர், சிவகாசி போன்ற ஊர்களின் நாடார் வணிகர்கள் சரக்குக்கு இவ்வளவு என்று மகமை வசூலித்தார்கள். மூட்டைக்குச் சில தம்படியாகச் சேர்ந்த அந்தத் தொகை உறவின்முறையின் பொதுக்கணக்குக்குப் போய்ப் பள்ளிக்கூடங்களாயிற்று. அங்கேயும் வாங்குபவர் தலையில் ஒரு சிறு சுமை விழுந்திருக்கலாம். ஆனால் எவ்வளவு, எதற்கு, யார் கணக்கில் என்பது கூட்டத்தில் வைத்துப் பேசப்பட்டது. இன்று கல்லாவில் முழுமையாக்கப்படும் ஒரு ரூபாய்க்கு அப்படி ஒரு கணக்கே கிடையாது.

ஒரு ரூபாய்க்கு இத்தனை பேச்சா என்பது அடுத்த ஆட்சேபம். நூறு ரூபாய்க்கு வாங்குபவருக்கு ஒரு ரூபாய் நூற்றில் ஒன்று. பத்து ரூபாய்க்கு வாங்குபவருக்குப் பத்தில் ஒன்று. தென்காசி, ஆலங்குளம், பாவூர்சத்திரம், கடையநல்லூர் வட்டாரங்களில் வீட்டுத் திண்ணைகளில் பீடி சுற்றும் பெண்கள் மிகப் பலர். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கி, அன்றாடத் தேவைக்கு அன்றன்று வாங்கும் குடும்பங்கள் மாதச் சாமானை ஒரே சீட்டில் எழுதி வாங்குவதில்லை. தேங்காயெண்ணெய் பாக்கெட், காப்பித்தூள் பாக்கெட், ஐந்து ரூபாய் பிஸ்கட் என்று அவர்களது மாதம் நூற்றுக்கணக்கான சிறு கொள்முதல்களால் ஆனது. மாதச் சாமானை ஒரு தடவையில் வாங்கும் வீடு முழுமையாக்கலை ஒரு தடவை சந்திக்கிறது. இவர்கள் ஒவ்வொரு நாளும் சந்திக்கிறார்கள். சக்கரமும் காலணாவும் போட்ட கணக்கு இதுவேதான்: மதிப்பின் இழப்பு தொகையைப் பொறுத்து வருவதில்லை, கொள்முதலின் எண்ணிக்கையைப் பொறுத்து வருகிறது.

கைப்பேசிப் பரிவர்த்தனை இதையெல்லாம் தீர்த்துவிட்டதே என்பதே இன்று வலுவான ஆட்சேபம். அதற்கு உரிய மதிப்பைக் கொடுத்தே ஆகவேண்டும். 2016இல் யுபிஐ வந்த பிறகு 17 ரூபாய் என்றால் 17 ரூபாய்தான். ரூபாயோடு காசையும் சேர்த்துத் துல்லியமாக அனுப்பக்கூடிய முறை அது. பின்னப் பிரச்சினையை அடியோடு ஒழிக்கக்கூடிய முதல் கருவி என்றுகூடச் சொல்வேன். பாவூர்சத்திரத்தில் கேரளத்துக்குக் காய்கறி ஏற்றும் வியாபாரி முதல் டீக்கடை வரை அது பரவியிருப்பது நன்மையே. ஆனால் அது எல்லோர் கையிலும் இல்லை என்பதோடு இன்னொரு விளைவும் உண்டு. பத்தில் ஏழுபேர் கைப்பேசியில் செலுத்தத் தொடங்கினால், கடைக்கு வந்துசேரும் சில்லறையும் அதே அளவுக்கு வற்றுகிறது. மீதி மூன்றுபேருக்கு மிச்சம் தரக் கல்லாவில் நாணயம் இருக்காது. அந்த மூவர் பெரும்பாலும் முதியவர்கள், கைப்பேசி தமக்கென்று இல்லாத பெண்கள், கூலியை ரொக்கமாக வாங்குபவர்கள். அருவியில் குளிக்க வருகிறவரும் கைப்பேசியை வண்டியில் பூட்டிவிட்டு ஈரத் துண்டோடு வந்து டீ கேட்கிறார். வசதியுள்ளவர்களுக்குப் பின்னம் முழுவதுமாகத் தீர்ந்து, வசதியில்லாதவர்களுக்கு முன்பைவிடக் கூடுவதை நான் தீர்வாக எண்ண முடியாது.

சில்லறையின் ஓட்டத்தில் அரசு வேறொரு இடத்திலும் தன்னை அறியாமல் கைவைத்திருக்கிறது. நகரப் பேருந்தின் நடத்துநர் பையே நம் ஊர்களில் நாணயத்தை ஓரிடத்தில் வாங்கி இன்னோரிடத்தில் கொடுத்துச் சுழலவிட்ட பெரிய கருவி. 2021 மே முதல் பெண்கள் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் கட்டணமின்றிப் பயணம் செய்கிறார்கள். குடும்பங்களின் கையில் அது மிச்சப்படுத்தும் பணம் பெரிது. அந்தத் திட்டத்தை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். ஆயினும் ஐந்து, பத்து என்று நாணயமாகவே கொடுத்துப் பழகிய பயணிகளில் பெரும்பகுதியினர் அந்தச் சுழற்சியிலிருந்து விலகியிருக்கிறார்கள் என்று ஊகிக்க இடமுண்டு. ஒரு வாய்க்கால் அடைபட்டால் இன்னொன்றைத் திறந்தாக வேண்டும்.

எங்கே திறப்பது என்பதை மேலே சொன்ன காரணங்களே காட்டுகின்றன. அடுத்தவர் வாங்குவார் என்ற உறுதியே நாணயத்தின் மதிப்பு என்றால், அந்த உறுதியைத் தரவேண்டியது மிகப் பெரிய கல்லாக்களை வைத்திருப்பவர். அது அரசு. போக்குவரத்துக் கழகம், மின் கட்டண அலுவலகம், ரேஷன் கடை, டாஸ்மாக், அறநிலையத்துறைக் கோயில்களின் தரிசனச் சீட்டுக் கவுண்டர் ஆகியவை பத்து, இருபது ரூபாய் நாணயங்களை வாங்குவதோடு நில்லாமல், மிச்சத்தையும் அந்த நாணயங்களிலேயே கொடுக்கத் தொடங்கினால் தெருவில் உள்ள கடைக்காரரின் கணக்கு மாறிவிடும். வாங்குங்கள் என்று அவருக்குச் சுற்றறிக்கை அனுப்புவதைவிட, அவர் நாணயத்தைத் தள்ளிவிடக்கூடிய இடங்களைப் பெருக்குவது பயன்தரும். குற்றாலநாதர் கோயிலிலும் தென்காசி காசி விசுவநாதர் கோயிலிலும் உண்டியல் நாணயங்கள் எண்ணப்படுகின்றன. அவை வங்கி வழியாக வெகுதூரம் சுற்றி வராமல் சீசன் மாதங்களில் அதே ஊர்க் கடைகளுக்கு மாற்றுச் சில்லறையாகக் கிடைக்க, வங்கிக் கிளைகளும் கோயில் நிர்வாகமும் சேர்ந்து ஏற்பாடு செய்ய முடியும்.

நாணயம் எவ்வளவு கிடைத்தாலும் சில பின்னங்கள் மிஞ்சத்தான் செய்யும். அவற்றுக்கு 1957இன் பட்டியலைப் போன்ற ஒன்று தேவை. கனடா 2013 பிப்ரவரியில் ஒரு சென்ட் நாணயத்தின் விநியோகத்தை நிறுத்தியபோது, ரொக்கமாகச் செலுத்தும் மொத்தத் தொகையை மட்டும் அருகில் உள்ள ஐந்து சென்ட்டுக்கு முழுமையாக்கும்படி வழிகாட்டியது. 1, 2 என்றால் கீழே, 3, 4 என்றால் மேலே. அட்டையில் செலுத்துபவருக்குத் தொகை சென்ட் வரை அப்படியே. எந்தப் பக்கம் சாயும் என்பது கடைக்கு வரும் முன்பே எல்லோருக்கும் தெரிந்தது. நம் நாட்டில் அப்படி ஒரு விதியை எழுதினால் கனடாவைவிட ஒரு படி மேலே போகலாம் என்பது என் கருத்து. ஐம்பது ரூபாய்க்கு உட்பட்ட ரொக்கக் கொள்முதலில் சில்லறை இல்லையென்றால் முழுமையாக்கல் எப்போதும் வாங்குபவர் பக்கமே இருக்கவேண்டும். வணிகர் சங்கங்கள் இதை எதிர்க்கும். நஷ்டம் எங்களுக்கு என்பார்கள். அந்த நஷ்டம் இருக்கவேண்டிய இடம் அதுதான். சில்லறையைத் தேடிக் கொண்டுவரும் வசதி, வங்கியோடும் ஏஜென்சியோடும் பேசும் பலம், விலையை நாணயத்துக்கேற்ப வைக்கும் உரிமை மூன்றும் கல்லாவுக்குப் பின்னால் இருக்கின்றன. மிச்சம் தராவிட்டால் தனக்கு நஷ்டம் என்றான மறுநாளே, பத்து ரூபாய் நாணயத்தைக் கடைக்காரரே கேட்டு வாங்கத் தொடங்குவார்.